எதிர்ச்சொல் எழுதியவள்

காலை ஏழு மணிக்கெல்லாம் மிருதுளா மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள். பாளையங்கோட்டை வெயிலுக்கு அந்த நேரத்தை விட்டால் கீரை வாடிப்போகும். கீரை விற்கும் புத்ராய் ஜார்க்கண்டிலிருந்து வந்து இருபது வருஷம் ஆகிறது. அவர் பேசுவது சந்தாலி. மிருதுளாவின் காதுக்கு வந்து சேரும்போது அது பச்சைத் திருநெல்வேலித் தமிழாக இருக்கும்.

"சிறுகீரை முத்திட்டுது, அதை விடுங்க. அரைக்கீரை ரெண்டு கட்டு எடுத்துக்கிடுங்க," என்றார் புத்ராய்.

"நேத்தும் இதைத்தான சொன்னீங்க?"

"நேத்தும் அது முத்தித்தான் இருந்துச்சு."

பக்கத்தில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த கன்னடக்காரப் பெண் சிரித்தாள். அவள் காதில் இதே பேச்சு கன்னடமாக விழுந்திருக்கும்.

அரசாங்கக் காகிதங்களில் அதற்கு உடனுரைப்பி என்று பெயர். ஜனங்கள் காதுப்பூ என்பார்கள். மிளகளவு வித்து ஒன்று, காதுக்குள் உட்கார்ந்திருக்கும். எதிரில் இருப்பவரின் குரலை வெளியிலேயே நிறுத்திவிட்டு, அதே குரலில், கேட்பவருக்குப் பழகிய மொழியில் பேசும். அது வந்து நாற்பத்தைந்து வருஷத்தில் பள்ளிக்கூடங்களில் வேற்று மொழி என்ற பாடமே இல்லாமல் போய்விட்டது. இங்கிலீஷ் தெரியுமா என்று இன்று யாரையாவது கேட்டால், ராட்டையில் நூற்கத் தெரியுமா என்று கேட்டதுபோல ஒரு பார்வை வரும்.

மிருதுளாவுக்குக் கொஞ்சம் தெரியும். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. தாமிரபரணி நீர்ப் பகிர்வு மையத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது அறுபத்து மூன்று. அந்த வேலையில் ஒரு நாள்கூட அவளுக்கு அந்த மொழி தேவைப்படவில்லை.

கீரையைப் பையில் வைக்கும்போது காதுக்குள் அழைப்பு வந்தது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதி எப்ஸிபாவின் மகள் ரெனிட்டா.

"சித்தி, வியாழக்கிழமை ஃப்ரீயா இருப்பீங்களா? அம்மாவோட பதிவுரை எடுக்க வாராங்க. வீட்டு ஆளா இல்லாத ஒரு சாட்சி வேணுமாம்."

"என்ன பதிவுரை?"

"தென்காசிப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கு. அங்க போகணும்னு அம்மா சொல்லுதா. நாலு மாசமா இதையேதான் சொல்லுதா. இனி நான் என்ன சித்தி செய்ய?"

மிருதுளா வருவதாகச் சொன்னாள்.

நாலு மாசத்துக்கு முன்னால் எப்ஸிபாவுக்கு மூளையில் ரத்தக் கசிவு வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூன்றாம் நாள் மிருதுளா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். படுக்கையில் எப்ஸி அவளைப் பார்த்ததும் இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாய் அசைந்தது. காதுப்பூ எப்ஸியின் சொந்தக் குரலில் தெளிவாகச் சொன்னது: "நீ யாரோ எவளோ. இங்கேருந்து போயிரு. உன்னைப் பாக்க எனக்கு இஷ்டமில்ல."

மிருதுளா கையை உருவிக்கொண்டு வந்துவிட்டாள். டாக்டர்கள் சொன்னது இன்னும் மோசமாக இருந்தது. எப்ஸிக்குத் தமிழ் போய்விட்டது, வாயில் வருவது இங்கிலீஷ் மட்டும்தான். ஆனால் படங்களைக் காட்டி, கட்டளைகள் கொடுத்துச் சோதித்ததில் மற்றவர் பேசுவது முழுக்கப் புரிகிறது. பேச்சையும் உடனுரைப்பி சரியென்று குறிக்கிறது. அதனால் அவள் சொல்வதெல்லாம் அறிந்தே சொல்வதுதான். அதன் பிறகு மிருதுளா அந்தப் பக்கம் போகவில்லை. ஐம்பது வருஷச் சிநேகிதி போ என்று சொன்ன பிறகு எந்த முகத்தோடு போவது?

வியாழன் வரைக்கும் இருந்த இரண்டு நாளும் அவளுக்குப் பள்ளிக்கூட நினைப்பாகவே இருந்தது.

அவளும் எப்ஸியும் இருந்த வகுப்புதான் இங்கிலீஷ் படித்த கடைசி வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் சொல்வளம் என்று தனித் தாள், நூறு மதிப்பெண். ஒரு சொல், அதன் விளக்கம், அதே பொருளில் இன்னொரு சொல், பிறகு எதிர்ச்சொல். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இரண்டு பேரும் ஒரு நீள நோட்டில் எழுதத் தொடங்கினார்கள். பக்கத்தை மூன்றாக மடித்து, முதல் பத்தியில் சொல்லும் விளக்கமும், நடுவில் இணைச்சொல், வலது ஓரத்தில் எதிர்ச்சொல். முதல் இரண்டும் எப்ஸியின் கையெழுத்து, குண்டு குண்டாக. வலது ஓரம் மிருதுளாவுடையது.

"எதிர்ப்பக்கத்தை நீ எழுதுட்டி. எதுக்கெடுத்தாலும் இல்லன்னு சொல்லுறவ நீதான," என்று எப்ஸிதான் அந்த வேலையைப் பிரித்துக் கொடுத்தாள்.

முருகன்குறிச்சி நிறுத்தத்தில் பஸ்சுக்கு நிற்கும்போது அதே விளையாட்டு நடக்கும். ஒருத்தி விளக்கத்தைச் சொல்வாள், மற்றவள் சொல்லைப் பிடிக்க வேண்டும். பஸ் வருவதற்குள் பத்துச் சொல். வாயிலிருந்து நோட்டுக்கும் நோட்டிலிருந்து வாய்க்கும் போய்ப் போய் அந்தச் சொற்கள் அவர்கள் வீட்டுச் சாமான்போல ஆகிவிட்டன. மதியச் சாப்பாட்டில் உப்பு அபண்டன்ட், அதாவது ஏராளம்; காய் ஸ்கேர்ஸ், அதாவது அரிது. கணக்கு டீச்சருக்கு வகுப்புக்கு வர ஆசை, அதனால் ஈகர்; இவர்கள் இருவருக்கும் உட்கார மனசில்லை, அதனால் ரிலக்டன்ட். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் புரியாது என்பதே பாதி சந்தோஷம். ஒருமுறை குடைக்கு எதிர்ச்சொல் கிடையாது என்று எப்ஸி சொல்ல, மிருதுளா பிடிவாதமாக வலது ஓரத்தில் ரெயின் என்று எழுதி வைத்தாள். குடைக்கு எதிரி மழைதானே என்றாள். எதிரி வேறு, எதிர்ச்சொல் வேறு என்று எப்ஸி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நல்ல மழை. குடை இல்லாமல் நனைந்துகொண்டு வந்த எப்ஸி, நோட்டில் அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டு ஒப்புக்கொண்டாள்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அறிவிப்பு வந்தது. சொல்வளத் தாள் இனி இல்லை, இங்கிலீஷே இனி இல்லை. காலை வணக்கத்தில் தலைமையாசிரியை அதை வாசித்தபோது மைதானமே கைதட்டியது. இவர்கள் இருவர் மட்டும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நோட்டில் அன்றைக்கு மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.

"மூவாயிரத்து ஐந்நூறு ஆக்கிட்டு நிறுத்துவோம்," என்றாள் எப்ஸி.

எழுதுவதற்குத் தேர்வு இல்லாமல், மிச்ச எண்பத்தெட்டுச் சொற்களையும் அதே பஸ் நிறுத்தத்தில் நின்று எழுதி முடித்தார்கள். கடைசிச் சொல் என்ன என்பது மிருதுளாவுக்கு மறந்துவிட்டது. எப்ஸி அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டே ஸ்காட்லாந்துக்குப் போனாள். அங்கே ஒரு விதைக் காப்பகத்தில் பழைய கையெழுத்துச் சீட்டுகள் லட்சக்கணக்கில் இருந்தன. ஈரத்தில் கலைந்த எழுத்தைப் படிக்க இயந்திரத்தால் ஆகவில்லை, மனிதக் கண் வேண்டியிருந்தது. முப்பது வருஷம் அதையே படித்து, அதையே எழுதி, ஏழு வருஷத்துக்கு முன்னால்தான் மகளோடு ஊருக்குத் திரும்பினாள். மகள் அங்கேயே பிறந்தவள் என்றாலும், காதுப்பூவோடு வளர்ந்ததால் வீட்டுத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே மிருதுளா மகாராஜநகரில் எப்ஸியின் வீட்டுக்குப் போய்விட்டாள். பதிவு அலுவலர் பத்தரைக்குத்தான் வருவதாக இருந்தது. ரெனிட்டா கதவைத் திறந்தாள். முப்பத்து நாலு வயது. மின்பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எப்படியிருக்கா?" என்றாள் மிருதுளா, குரலைத் தாழ்த்தி.

"உடம்பு பரவாயில்ல. வாய்தான்." ரெனிட்டா சமையலறைக்குப் போய்க்கொண்டே பேசினாள். "வேணும்னே செய்யுதா சித்தி. காப்பி கொண்டுபோய்க் குடுத்தா ஆறிப்போச்சுங்கா. சூடாக்கிக் கொண்டாந்தா கையைத் தட்டிவிடுதா. ஜன்னலைத் திறங்கா, திறந்தா முகத்தைச் சுளிக்கா. நான் கிளம்பும்போது தினமும் ஒரே வார்த்தை, உன்னை எனக்கு அறவே பிடிக்கலன்னு. நானும் மனுஷிதான?"

மிருதுளாவுக்கும் அதே அனுபவம்தானே.

உள்ளறையில் எப்ஸி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மிருதுளாவைக் கண்டதும் இடது கை எழுந்தது. வாய் திறந்தது.

"மறுபடியும் எதுக்கு வந்தே? நீ யாரோ. இங்கேருந்து போயிரு," என்றது காதுப்பூ.

இதற்கு மேல் கேட்க மிருதுளாவால் ஆகவில்லை. அலுவலர் வரும்வரை சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், இதைக் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்து, காதுப்பூவைக் கழற்றிப் பக்கத்து மேஜையில் வைத்தாள்.

அறை சட்டென்று வேறு அறையாக மாறியது. மின்விசிறியின் சத்தம், தெருவில் ஒரு பந்து சுவரில் மோதும் சத்தம். அதோடு எப்ஸியின் மூச்சு, மேடேறுகிறவள்போல. பிறகு அவள் குரல். மிருதுளா இத்தனை நாளும் கேட்டிராத குரல் அது. காதுப்பூ தந்தது பழைய, கணீரென்ற குரல். இது கரகரத்து, பாதியில் உடைந்து வந்தது.

"கோ," என்றாள் எப்ஸி. கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றி சுருங்கியது. எதையோ தேடிப்போய்த் தேடிப்போய்த் திரும்பினாள். "ஸ்ட்ரேஞ்சர்." மறுபடி நீண்ட இடைவெளி. "கோ. கோ."

அவ்வளவுதான். முழு வாக்கியம் எதுவும் இல்லை. இரண்டே சொற்கள். ஆனால் அவள் கை மிருதுளாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

கோ என்றால் போ. ஸ்ட்ரேஞ்சர் என்றால் முன்பின் தெரியாதவர். மிருதுளாவுக்கு அந்தச் சொற்கள் நோட்டில் இருந்த இடம் நினைவுக்கு வந்தது. ஃப்ரெண்ட், நடுவில் கம்பேனியன், வலது ஓரத்தில் ஸ்ட்ரேஞ்சர். கம், நடுவில் அப்ரோச், வலது ஓரத்தில் கோ. இரண்டும் அவள் தன் கையால் எழுதியவை.

அவள் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தாள். மேஜையில் ரெனிட்டா வைத்துவிட்டுப் போன காப்பி ஆவி பறந்துகொண்டிருந்தது. அதை எடுத்து எப்ஸியின் இடது கையில் படும்படி பிடித்தாள். "இது எப்படி இருக்குட்டி?"

எப்ஸி பார்த்தாள். "கோல்ட்," என்றாள். ஆறிப்போனது என்று பொருள். சொன்னவுடனே முகம் கோணியது. தப்பு என்று அவளுக்கே தெரிந்திருந்தது. இடது கையால் தொடையில் அடித்துக்கொண்டாள்.

மிருதுளா ஜன்னலைக் காட்டினாள். அது விரியத் திறந்திருந்தது. "ஷட்," என்றாள் எப்ஸி. மிருதுளா விட்டத்தைக் காட்டினாள். "லோ." தட்டிலிருந்த ஸ்பூனைக் காட்டினாள். எப்ஸி வெகுநேரம் தேடினாள். ஸ்பூனுக்கு எதிர்ச்சொல் இல்லை. பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கோத்து, குழந்தை படிக்கட்டில் இறங்குவதுபோல இறங்கி வந்தாள்: "எ திங்… ஃபார்… சூப்."

அது விளக்கம். முதல் பத்தி. சொல்லுக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டதால் அவள் எந்தப் பத்தி கிடைக்கிறதோ அதன் வழியாக வருகிறாள். எதிர்ச்சொல் இருக்கும் இடத்தில் எதிர்ச்சொல், இல்லாத இடத்தில் விளக்கம். காதுப்பூ அதை வாங்கி, தட்டித் திருத்தி, நடுவிலிருந்த மௌனத்தை எல்லாம் நிரப்பி, நல்ல தமிழில் கொண்டுவந்து தந்திருக்கிறது. நிறைவாக்கம் என்று அதற்குப் பெயர். திக்கிப் பேசுகிறவர்களுக்கு அது பெரிய வரம். அப்படி ஒன்று நடக்கிறது என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

மிருதுளா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். கேட்கவே பயமாக இருந்தது. "நான் யாரு?"

எப்ஸி அவளைப் பார்த்தாள். ஸ்ட்ரேஞ்சர் என்று வாய் எழுந்து, அதை அவளே கையசைத்துத் தள்ளினாள். கழுத்து நரம்பு புடைக்க வேறு வழி தேடினாள். "கேர்ல்," என்றாள். "ஹூ… ரைட்ஸ்… தி அதர் சைட்."

மறுபக்கம் எழுதுகிற பெண்.

மிருதுளா எப்ஸியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். நாலு மாசம். ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு, தான் வரவில்லை. இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் தானாக இருந்தும், அந்த வித்தைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. "வந்துட்டேன் எப்ஸி," என்றாள். வேறு எதுவும் வரவில்லை.

பதிவு அலுவலர் லால்ரினி சொன்ன நேரத்துக்கு வந்தார். மிசோரம்காரப் பெண், நாற்பது வயதிருக்கும். மடியில் ஒரு பலகைத் திரையை வைத்துக்கொண்டு விதியை வாசித்தார். ஒருவர் தன் வாயால் சொன்னதை உடனுரைப்பி தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கு மேல் உறுதி என்று குறித்தால் அதுவே அவருடைய பதிவுரை. கையெழுத்துக்கு உள்ள அதே மதிப்பு அதற்கும் உண்டு.

மிருதுளா காதுப்பூவை மாட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். ரெனிட்டா கையில் காப்பித் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

லால்ரினி பொறுமையாகக் கேட்டார். "அம்மா, நீங்க சொல்லுறதை நான் நம்பலன்னு நினைக்காதீங்க. ஆனா இவங்க பேச்சு தொண்ணூற்றேழு விழுக்காடு காட்டுது. அந்த மொழி எனக்குத் தெரியாது, இங்க உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. உங்க வார்த்தையை மட்டும் வச்சு நான் எப்படி எழுத?"

"மொழி தெரிய வேண்டாம். அதைக் கழற்றிட்டு ஒரு நிமிஷம் கேளுங்க. அது போதும்."

லால்ரினி தயங்கினார். கழற்றினால் அந்த அறையில் ஒருவர் பேச்சும் அவருக்குப் புரியாது. அந்த வேலைக்கு வந்த பிறகு அவர் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. கடைசியில் திரையில் ஒரு கேள்வியைத் தட்டி வைத்துவிட்டுக் காதுப்பூவைக் கழற்றினார். திரை கேட்டது: நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?

எப்ஸி கண்ணை மூடினாள். பந்து இரண்டு தடவை சுவரில் மோதியது. "லீவ்," என்றாள். மூச்சு வாங்கினாள். "டாட்டர்… லீவ்." பிறகு கண்ணில் நீர் வழிய, "லீவ்."

லால்ரினி காதுப்பூவை மாட்டிக்கொண்டு, திரையில் பதிவானதை ஓடவிட்டார். எப்ஸியின் கணீர்க் குரல் சொன்னது: "என் மகளை விட்டு எப்படியாவது போயிரணும். இந்த வீட்டுல இனி ஒரு நாள்கூட இருக்க எனக்கு விருப்பம் இல்ல. என்னைப் போக விடுங்க."

மிருதுளாவுக்கு நோட்டின் பக்கம் நினைவுக்கு வந்தது: முதல் பத்தியில் ஸ்டே, இரு; வலது ஓரத்தில் லீவ், போ.

"நான் கேட்டது நாலு சத்தம்," என்றார் லால்ரினி மெதுவாக. "இதுல எத்தனை வார்த்தை இருக்கு?" திரையை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "மிச்சமெல்லாம் யார் பேசினது?"

அவர் பையிலிருந்து இல்லத்தின் படத்தை எடுத்து எப்ஸியின் மடியில் ஒரு பக்கம் வைத்தார். சுவரில் மாட்டியிருந்த இந்த வீட்டின் படத்தை ரெனிட்டாவிடம் கேட்டு வாங்கி மறுபக்கம் வைத்தார். எங்கே இருக்க வேண்டும் என்று விரலால் காட்டச் சொன்னார். எப்ஸியின் இடது கை தயங்கவே இல்லை. வீட்டுப் படத்தை எடுத்து நெஞ்சோடு சாய்த்துக்கொண்டது.

பதிவுரை ஆறு மாதம் தள்ளிவைக்கப்பட்டது. சொல்லும் விருப்பமும் ஒத்துவரவில்லை என்று லால்ரினி காரணம் எழுதினார். அதற்கென்று விதியில் ஒரு கட்டம் இல்லாததால் பிற என்ற கட்டத்தில் எழுதினார்.

அவர் போன பிறகு ரெனிட்டா அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். காதுப்பூவைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டாள். "சித்தி, அப்போ தினமும் காலைல என்கிட்டச் சொன்னாளே, அது?"

"நீ கேளு."

"அம்மா, நான் வேலைக்குப் போகும்போது சொல்லுவியே. அதைச் சொல்லு."

எப்ஸிக்கு அந்தச் சொல்லின் மேல் பயம் வந்திருந்தது. நாலு மாசமாக அதைச் சொல்லும்போதெல்லாம் மகளின் முகம் மாறுவதைப் பார்த்தவள். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை அசைத்தாள். ரெனிட்டா அவள் முட்டியைத் தடவினாள். "பரவாயில்ல, சொல்லு."

"ஹேட்," என்றாள் எப்ஸி, காதுக்கு எட்டாத குரலில்.

"அப்படின்னா வெறுப்பு," என்றாள் மிருதுளா. "எங்க நோட்டுல அது லவ்வுக்கு எதிர்ல இருக்கும்."

ரெனிட்டா அழவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். அம்மாவின் வெட்டிய முடிக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றாள்.

"எல்லாமே எதிர்ச்சொல்தானா சித்தி? அப்படியே திருப்பிப் போட்டாப் போதுமா?"

"இல்லம்மா. சிலது நேராவும் வருது. எது நேரு, எது திருப்புனதுன்னு எனக்கும் தெரியாது."

அது எவ்வளவு உண்மை என்பது மூன்று வாரத்தில் தெரிந்தது. லால்ரினி அனுப்பிய அறிக்கையைப் பார்த்துவிட்டு, காதுப்பூ செய்கிறவர்கள் எப்ஸிக்கென்று ஒரு திருத்தம் அனுப்பினார்கள். அவள் சொல்வதை எல்லாம் எதிர்ப்பொருளாக மாற்றித் தரும். முதல் நாள் வீடே சிரிப்பாக இருந்தது. காப்பி சூடு என்றாள், ஜன்னலைச் சாத்து என்றாள், காலையில் ரெனிட்டாவிடம் உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றாள். ரெனிட்டா அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். மறுநாள் காலையிலிருந்து எப்ஸி பெயின், பெயின் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வலி என்பதுதான் அதன் பொருள். அவள் வலியென்றுதான் சொன்னாள். காதுப்பூ, சுகமா இருக்கு, ரொம்ப சுகமா இருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ரெனிட்டா வேலைக்குப் போனால் துணைக்கு இருக்கிற பெண்ணும் சந்தோஷப்பட்டாள். மத்தியானம் மிருதுளா வந்து பார்த்தபோது, விழுந்த தோள் நாற்காலிக் கைப்பிடிக்குள் மாட்டிக்கொண்டு கன்றிச் சிவந்திருந்தது.

அன்றைக்கு ரெனிட்டா வாசல்படி ஓரத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தாள். வீட்டுக்குள் வருகிறவர்கள் காதுப்பூவைக் கழற்றி அதில் போட்டுவிட்டு வரவேண்டும். துணைக்கு இருந்த பெண் ஒடிசாக்காரி, அவள் பேச்சு இவர்களுக்கும் இவர்கள் பேச்சு அவளுக்கும் புரியாமல் போனது. சைகையும் சிரிப்புமாக இரண்டு வாரத்தில் அவளுக்குத் தண்ணி, சோறு, மெதுவா என்ற மூன்று தமிழ்ச் சொற்கள் வந்துவிட்டன. எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் பார்த்துப் பேசவேண்டியிருந்தது. சின்ன விஷயத்துக்கும் நேரம் பிடித்தது. வலி என்று எப்ஸி சொன்னால் ரெனிட்டா உடம்பு முழுக்கத் தொட்டுப் பார்ப்பாள். பசி இல்லை என்று சொன்னால் ஒரு கவளம் வாயருகே கொண்டுபோய்ப் பார்ப்பாள்.

மிருதுளா தினமும் மார்க்கெட் முடிந்து நேரே அங்கே வரத் தொடங்கினாள். சிநேகிதிகள் இருவரும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். அது பேச்சாகவும் இருந்தது, பஸ் நிறுத்தத்து விளையாட்டாகவும் இருந்தது. எப்ஸி ஒன்றை எறிவாள், மிருதுளா பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள், சில நாள் சரியாகப் பிடிப்பாள், சில நாள் நழுவவிடுவாள். நழுவவிட்டால் எப்ஸிக்குக் கோபம் வரும், பிறகு சிரிப்பு வரும். மறந்துபோன சொற்கள் ஒவ்வொன்றாக மிருதுளாவுக்குத் திரும்பி வந்தன. அதற்காகத் தன்னை அறியாமல் நாள் முழுக்கக் காத்திருப்பதை அவள் ஒருநாள் கண்டுகொண்டாள். எப்ஸியின் உடம்பு தேறுமா என்று கேட்டால் டாக்டர்கள் பதில் சொல்லவில்லை. ஒருநாள் எல்லாச் சொல்லும் நேராக வந்துவிட்டால் இந்த விளையாட்டு முடிந்துவிடும் என்று ஒரு நினைப்பு வந்து, வெட்கப்பட்டு அதைத் தள்ளிவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு காலை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரெனிட்டா பணிமனைக்குக் கிளம்பி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவின் நெற்றியில் முத்தம் வைத்தாள். எப்ஸி வழக்கமான சொல்லைச் சொன்னாள். ரெனிட்டா, "எனக்கும் ஹேட்," என்று சொல்லிவிட்டு நடையைத் தாண்டி, கிண்ணத்திலிருந்து காதுப்பூவை எடுத்தாள்.

அப்போது எப்ஸி இன்னொன்றும் சொன்னாள். அந்த நேரத்தில் அவள் அதற்கு முன் சொல்லியிராத சொல்.

"கம்."

ரெனிட்டா வாசலில் நின்றாள். கேட்டுக்கு வெளியே மின்பேருந்து வந்து அவளுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தது. அவள் மிருதுளாவைப் பார்த்தாள். "சித்தி, இது வாவா, போவா?"

மிருதுளா எப்ஸியின் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கை மடியில் சும்மா கிடந்தது. முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. போய் வா என்று மகளை வழியனுப்புகிற தாயாகவும் இருக்கலாம். போகாதே, கொஞ்சம் இரு என்று கேட்கிற தாயாகவும் இருக்கலாம்.

"தெரியலம்மா," என்றாள் மிருதுளா.

பேருந்து ஒருமுறை ஒலி எழுப்பியது. ரெனிட்டா காதுப்பூவைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டாள். பேருந்தைப் பார்த்துக் கையசைத்துப் போகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, தோளில் பையோடேயே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.